அணைய மறுக்கும் மஞ்சள் விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். காரில் சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணையும். அணையாமல் நின்றால் பதற வேண்டாம். பொதுவாக, சாதாரண பிரேக் பிடிக்கும். அவசரத்தில் அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏற்பாடான ஏபிஎஸ்தான் படுத்திருக்கும். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு, வண்டியை எடுக்கவே கூடாது.

மஞ்சள் விளக்குக்கு அடிக்கடி காரணமாவது வீல் ஸ்பீடு சென்சார். சக்கரத்தோடு சுற்றும் வளையத்தை ஒட்டி, மயிரிழை இடைவெளியில் உட்கார்ந்து வேகத்தைச் சொல்லும் சின்னப் பொருள். இதை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் பழுது அதில்தானா என்று முதலில் பாருங்கள். நான் அவசரப்பட்டுப் புதுசு வாங்கி மாட்டினேன், விளக்கு அசையவில்லை. அப்புறம் சென்சார் வயர் வண்டியின் வயரோடு சேரும் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு!

முன்சக்கரமாக இருந்தால் வயரையும் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது; மேலுறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். வண்டியில் சொருகினால் அதன் கணினி சொல்வதைக் காட்டும் கருவி ஸ்கேனர். ஏபிஎஸ் படிக்கத் தெரிந்த ஒன்றைப் பக்கத்து சீட்டில் ஒருவரிடம் கொடுத்து மெதுவாக ஓட்டுங்கள். மூன்று சக்கரம் இருபது கிலோமீட்டர் வேகம் காட்ட, ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் இடம் தெரிந்துவிடும். மலிவான ஸ்கேனர்கள் பல இன்ஜினை மட்டுமே படிக்கும், பார்த்து வாங்குங்கள்.

சரி, கழற்றலாம். சமதரை, சக்கரத்துக்கு அண்டைக்கட்டை, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கட்டாயம். சென்சாரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட். அது வந்துவிடும், சென்சார் வராது. சுற்றிலும் துரு ஏறி பிளாஸ்டிக் உடம்பை நெரித்துப் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் தலை கையில் வரும், வால் ஓட்டைக்குள் தங்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். காலையில் இழுக்காமல், இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாகத் திருகுங்கள். ‘நறுக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு வழிக்கு வரும். எண்ணெய் பிரேக் டிஸ்கில் படாமல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதியதை நுழைக்குமுன் ஓட்டையையும் அது உட்காரும் முகத்தையும் துருப் போகச் சுரண்டுங்கள். துகள் உள்ளே விழக்கூடாது. துரு மிச்சமிருந்தால் சென்சார் தூக்கலாக நிற்கும், இடைவெளி கூடும். வண்டி நிற்கப்போகிற நேரத்தில் சிக்னல் விட்டுப்போய், வேண்டாத இடத்தில் ஏபிஎஸ் புகுந்து பெடல் காலடியில் கடகடவென்று உதைக்கும். இறுக்கமாக இருக்கிறதே என்று சுத்தியலைத் தொடாதீர்கள், பல வண்டிகளில் உள்ளே இருப்பது மின்னணுச் சில்லு.

வயரைப் பழைய தடத்திலேயே, ஒரு கிளிப் விடாமல் மாட்டுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, எங்கும் விறைக்கிறதா, டயரில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கர நட்டுகளை மாற்றி மாற்றி எதிரெதிராக முடுக்குங்கள்.

வண்டி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்த பிறகும் சில வண்டிகளில் விளக்கு உடனே அணையாது. கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், நான்கு சக்கரமும் ஒரே கணக்கைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அணையும். வணக்கம்.