ஜங்கிள் மோகம் நீடிப்பது இசையாலே!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்கிற அதிவேக நடன இசையின் ரசிகர்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இசையாலா, இளமை நினைவாலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "எல்லாம் இருபது வயசு ஏக்கம். மற்றபடி காதை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒரே டமடம" என்றார். மூடிக்கொண்டு கேட்டால் அப்படித்தான் இருக்கும் ஐயா, கொஞ்சம் திறந்து கேளுங்கள்!

அவர் மட்டுமா சொன்னார்? 1994இல் ரேவ் என்கிற திறந்தவெளி இரவு நடனக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்த பிரிட்டிஷ் சட்டமும், "தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் தாளம்" என்றுதான் அந்த இசைக்கு இலக்கணம் எழுதியது. ஆனால் அதே ஆண்டில் லண்டன் ஜங்கிள்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு 'ஆமென், பிரதர்'. அதில் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் டிரம்ஸ் ஏழு விநாடி தேறினால் அதிகம். அதை ஒலித்துண்டுகளைப் பதிந்து வெட்டி இசைக்கும் சாம்ப்ளர் கருவியில் ஏற்றி, கிக் என்ற பெரிய டிரம் தனி, ஸ்னேர் என்ற சிறிய டிரம் தனி என்று அடி அடியாக நறுக்கி, வேகத்தை நிமிடத்துக்கு 160 துடிப்புக்கு மேல் கூட்டி, வேறு வேறு வரிசையில் கோத்தார்கள். அடுத்த அடி எங்கே விழும் என்று பழகிய காதுக்கே பிடிபடாது. இதுவா ஒரே டமடம?

இன்னொன்றும் கேளுங்கள். டிரம்ஸ் 170இல் ஓடும்போது, கீழே பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில் நடக்கும். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த, பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிப் பாட்டுப் போடும் சவுண்ட் சிஸ்டத்தின் கொடை அது. துள்ள நினைப்பவர் டிரம்ஸோடு துள்ளலாம். மூட்டு வலிக்காரர் பேஸோடு அசையலாம். ஐம்பது வயதிலும் ஆட இடம் வைத்திருக்கிற இசையை ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும்?

எதிரணி அம்மையார் ரீவைண்டைச் சாட்சிக்கு இழுத்தார். கூட்டம் கத்தினால் டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுகிறாராம். ஆகவே பழசின் மேல் மோகமாம். அம்மா, அந்தக் காலத்தில் அப்படிக் கத்த வைத்ததில் பெரும்பங்கு டப்பிளேட்டுக்கு. இன்னும் வெளிவராத பாட்டை அசிடேட் தட்டில் வெட்டி எடுத்து வருவார்கள். சில பத்து முறை ஓட்டினாலே தேய்ந்துபோகும். முன்பின் கேட்டிராத பாட்டுக்கு "இன்னொரு முறை" என்று கத்துவது எந்த ஊர்ப் பழைய நினைவு?

நினைவே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. பழைய ரேவ் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். சரி. ஆனால் 2015இல் நடந்ததற்கு எதிரணி என்ன சொல்லும்? அந்த ஏழு விநாடிக்கு வின்ஸ்டன்ஸ் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு ராயல்டி வந்ததில்லை. கோல்மனோ 2006இலேயே வறுமையில் இறந்துவிட்டார். ரசிகர்கள் இணையத்தில் கை கோத்து 24,000 பவுண்டு திரட்டி ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளமையில் கேட்டது லண்டன் தட்டுகளை. 1969இன் பின்பக்கப் பாட்டை அல்ல. ஒலியின் வேரைத் தேடிப் போய்க் கடனை அடைத்தவர்களை ஏக்கக்காரர்கள் என்று ஒதுக்கலாமா?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். 2022இல் கறுப்பின மரபு இசைக்குப் பிரிட்டனில் கொடுக்கும் மோபோ விருதுகளில் மின்னணு நடன இசைக்கான பரிசு ஜங்கிள் பாடும் நியா ஆர்க்கைவ்ஸுக்குப் போனது. அவர் பிறந்தது 1999இல். ஜங்கிள் லண்டனைக் கலக்கிய 1994இல் அவருக்கு எந்த இளமை நினைவு இருந்திருக்கும் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.