விட்டுப்போன பாடத்தை எங்க வச்சு சொல்லிக் குடுக்கறது?

வணக்கம் நேயர்களே. நடுவுல சில வருஷம் படிப்பு விட்டுப்போன பிள்ளைங்களுக்கும் சேர்த்து உயர்நிலைப் பள்ளி அறிவியல் பாடத்தை எப்படி அமைக்கிறதுன்னு இன்னைக்குப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் ரொம்ப வருஷம் அறிவியல் டீச்சரா இருந்துட்டு அப்புறம் பாடத்திட்டம் எழுதற வேலைக்கு வந்தவ, அதனால கிளாஸ்ல நடந்த ஒண்ணுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு பொண்ணு, உடம்பு சரியில்லாம ரெண்டு வருஷம் ஸ்கூலுக்கே வர முடியாம இருந்துட்டு நேரா ஒன்பதாவதுல வந்து உக்காந்தா. அன்னைக்கு அடர்த்தி பாடம். கையில ஒரு மரக்கட்டை, நீளம் 5 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 2 செ.மீ., ஆக கனஅளவு 50 கன செ.மீ., தராசுல வச்சா 30 கிராம். நிறையைக் கனஅளவால வகுக்கணும்னு ஃபார்முலாவெல்லாம் நோட்டுல சரியா எழுதியிருக்கா, ஆனா கணக்குப் போடறப்ப 50-ஐ 30-ஆல வகுத்து 1.66னு எழுதிட்டா. தண்ணியோட அடர்த்தி 1, இவ கணக்குப்படி கட்டை முழுகணும், கட்டையோ அவ கண்ணு முன்னாடி தண்ணித் தொட்டியில மெதந்துட்டு இருக்கு. "ஏம்மா மாத்தி வகுத்தே?"ன்னு கேட்டேன். "பெரிய நம்பரைத்தானே டீச்சர் சின்ன நம்பரால வகுக்க முடியும்?"னா.

இவளுக்கு அறிவியல் புரியலைன்னு சொல்லவே முடியாது. ஒண்ணைவிடச் சின்ன விடையும் வரலாம், தசமத்துல எழுதலாங்கிறது மட்டும் அவளுக்கு விட்டுப்போச்சு. பேப்பர் திருத்தறவங்க பார்த்தா "அடர்த்தி தெரியலை"ன்னுதான் நினைப்பாங்க, அப்புறம் அடர்த்தியையே மறுபடி மறுபடி சொல்லிக் குடுப்பாங்க, அவளும் மறுபடி 1.66தான் எழுதுவா.

ரெண்டு வருஷம் போச்சுன்னா ரெண்டு வருஷத்துப் பாடத்தையும் திருப்பி நடத்தணும்னு நாம நினைக்கிறோம். அது வேண்டாம். அந்த ரெண்டு வருஷத்துல மேல வரப்போற பாடத்தைத் தாங்குற விஷயங்கள் கொஞ்சம்தான். அதனால யூனிட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சே அஞ்சு கேள்வி கேட்டாப் போதும், ஆனா அந்தப் பாடத்துக்குத் தேவையான அடிப்படையை மட்டும் கேக்கணும், விடையோட "ஏன் அப்படி நினைக்கிறே"ன்னும் கேக்கணும். எழுதத் தடுமாறுற பிள்ளைன்னா வாயாலேயே சொல்லட்டும். அந்த "ஏன்"லதான் எல்லாமே வெளிய வரும்.

கண்டுபிடிச்சாச்சு, அடுத்து என்ன? வழக்கமா பண்றது, அந்தப் பிள்ளையைத் தனியா உக்கார வச்சு கையில அஞ்சாங்கிளாஸ் புக்கைக் குடுக்கறது. பதினாறு வயசுப் பையனுக்கு அது எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாருங்க, அப்படியே வர்றதை நிறுத்திடுவான். விட்டுப்போனதை இன்னைக்கு நடக்குற பாடத்துக்குள்ளயே, அதே மரக்கட்டையை வச்சே சொல்லிக் குடுக்கணும். தசமம் அடர்த்திக்காக வரட்டும், விகிதம் வேதியியல் சமன்பாட்டுக்காக வரட்டும், கிராஃப் வேகத்துக்காக வரட்டும். எதுக்குக் கத்துக்கறோம்னு கண்ணுக்குத் தெரிஞ்சா வேகமாவும் வரும், மத்த பிள்ளைங்களோட ஒண்ணாவும் உக்காரலாம்.

இதுக்குப் பாடத்திட்டம் எழுதறவங்க எந்தப் பாடம் எதும்மேல நிக்குதுன்னு ஒரு படம் போட்டு வச்சுக்கணும். அதைப் போட்டுப் பார்த்தா ஒவ்வொரு பாடத்துக்கும் குணம் வேறன்னு தெரியும். வேதியியல் ஏணி மாதிரி. அணு, அப்புறம் குறியீடு, அப்புறம் வாய்பாடு, அப்புறம் சமன்பாட்டைச் சமப்படுத்தறது, அப்புறம் மோல். நடுவுல ஒரு படி இல்லைன்னா மேல ஏற முடியாது, 10-ஓட அடுக்குன்னா என்னன்னு தெரியாத பிள்ளைக்கு, ஒரு மோல்ல இருக்குற துகள்களோட எண்ணிக்கை 6.022 பெருக்கல் 10-ன் 23-ஆவது அடுக்குன்னா அது வெறும் மந்திரம்தான். உயிரியல் அப்படி இல்ல, பல வாசல் இருக்குற வீடு, ரத்த ஓட்டத்துலருந்தும் உள்ள போலாம், தாவரத்துலருந்தும் போலாம். அதனால வருஷ நடுவுல வந்து சேர்ற பிள்ளையை உயிரியல்லயும் ஒளியிலயும் எல்லாரோட சேர்த்து விட்டுடலாம், வேதியியலுக்கு மட்டும் அடிப் படியிலருந்து கூட நேரம் குடுக்கலாம். எல்லாத்துலயும் ஒரே அளவு வளைஞ்சு குடுக்கணும்னு இல்ல.

எதை விடலாம், எதை விடவே கூடாதுன்னு எப்படி முடிவு பண்றது? ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கங்க. சமன்பாட்டை மனப்பாடமா சொல்ற பிள்ளைகிட்ட "இவ்வளவு பெரிய மரத்தோட எடை எங்கருந்து வந்துச்சு?"ன்னு கேளுங்க, நிறையப் பேர் மண்ணுலருந்துன்னுதான் சொல்லுவாங்க. பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் தொட்டியில வில்லோங்கிற மரத்தோட கன்று ஒண்ணு வச்சு 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்திப் பார்த்தாரு. மரம் ஏறக்குறைய 74 கிலோ ஏறியிருந்துச்சு, மண்ணுல குறைஞ்சது 60 கிராம்கூட இல்ல. அவரு செத்த பிறகு, 1648-ல இது அச்சுல வந்துச்சு. எல்லாம் தண்ணியிலருந்தே வந்ததுன்னு அவரு முடிவு பண்ணிட்டாரு, காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடுக்கு அதுல பங்கு இருக்குறது அவருக்குத் தெரியலை, அதுவும் "கேஸ்"ங்கிற வார்த்தையையே உருவாக்குனவரு அவருதான்! இந்தக் கதையை நடத்துறப்ப கிளாஸே நிமிர்ந்து உக்காரும். மரம் காத்துலருந்தும் தண்ணியிலருந்தும் தன் உடம்பைக் கட்டிக்குதுங்கிற இந்த ஒரு விஷயத்தும்மேலதான் உணவுச் சங்கிலி, கார்பன் சுழற்சி எல்லாம் நிக்குது, இதை விடவே கூடாது. இலைக்குள்ள இருக்குற ஒவ்வொரு அடுக்கோட பேரையும் நேரம் இருந்தா பார்த்துக்கலாம்.

மின்சாரத்துலயும் இதே கதைதான். பல்பு கரன்ட்டைத் தின்னுடும், அதனால பல்பைத் தாண்டுனா கரன்ட் குறைஞ்சுடும்னு நினைக்கிற பிள்ளைங்க நிறைய. பல்புக்கு முன்னாடி கரன்ட்டை அளக்குற அம்மீட்டர் ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வச்சுக் காட்டுங்க, ரெண்டும் ஒரே அளவு காட்டும். நேரம் பத்தலைன்னு முதல்ல கை வைக்கிறது பிராக்டிகல்லதான், எனக்கு அதுல ரொம்ப வருத்தம். பாடம் விட்டுப்போன பிள்ளைக்குத்தான் கையால செஞ்சு பார்க்குறது இன்னும் அதிகமா வேணும்.

அப்புறம் மொழி. நாம வீட்ல எல்லாத்துக்கும் "சக்தி"ன்னுதான் சொல்றோம். புத்தகத்துல விசை, ஆற்றல், திறன்னு மூணு வேற வேற சொல்லு வருது. "வேலை"ங்கிற சொல்லும் அப்படித்தான், கனமான பையைத் தூக்கிப் பிடிச்சுட்டு அசையாம நிக்கிறவரு பைமேல செய்யற வேலை, பை நகராததால, பூஜ்யம்னு இயற்பியல் சொல்லுது, கை வலிக்க நிக்கிற பிள்ளை அதை எப்படி நம்பும்? கீழ் கிளாஸ்லயே இந்தச் சொற்கள் பழகியிருந்தா பரவாயில்ல. பழகாதவங்களுக்கு முதல் பத்து நிமிஷம் சொல்லுக்குன்னே ஒதுக்குங்க.

இதுக்கெல்லாம் நேரம் ஏதுன்னு டீச்சர்ஸ் கேக்குறது நியாயமான கேள்வி, சிலபஸ் முடிக்கணும்னு அவங்க தலைமேல கத்தி தொங்குது. 1968-லயே அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் இதைத்தான் சொன்னாரு, எல்லாருக்கும் ஒரே நேரம் குடுத்தா கத்துக்குறது ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும், அதனால தேவைப்படுற பிள்ளைக்குக் கூட நேரமும் உதவியும் குடுங்கன்னு. நடைமுறையில, வாரத்துல அஞ்சு பீரியடுன்னா நாலுக்கு மட்டும் பாடம் போடுங்க, அஞ்சாவதை எழுதாம விடுங்க. அந்தப் பீரியட்ல, பாடம் விட்டுப்போனவங்க அதைப் பிடிக்கட்டும், மத்தவங்க இன்னும் ஆழமா ஒரு கேள்வியை எடுத்துக்கட்டும். யூனிட் டெஸ்ட்ல தவறுனா திரும்ப எழுத விடுங்க, ரெண்டாவது மார்க்கையே மார்க்கா வச்சுக்குங்க. இதை டீச்சரோட நல்ல மனசுக்கு விட்டுடக் கூடாது, பாடத்திட்டத்துலயே அச்சடிச்சு வரணும்.

அந்தப் பொண்ணுகிட்ட நான் அன்னைக்கு வகுத்தல் கணக்கு எதுவும் குடுக்கலை. கட்டையோட பக்கவாட்டுல ஸ்கேல் வச்சு 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடச் சொன்னேன், உயரம் பத்து பங்கா பிரிஞ்சுது. தண்ணியில போட்டா. குனிஞ்சு, கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டுவந்து எண்ணுனா, ஆறு பங்கு உள்ள, நாலு பங்கு வெளிய. மெதக்குற கட்டையில எவ்வளவு பங்கு தண்ணிக்குள்ள போகுதோ, தண்ணியோட அடர்த்தியில அத்தனை பங்குதான் கட்டையோட அடர்த்தி. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் நோட்டை எடுத்து 1.66-ஐ அடிச்சுட்டு 0.6னு எழுதிட்டு, "அப்ப எண்ணெயில போட்டா எத்தனை கோடு உள்ள போகும் டீச்சர்?"னா.