தனிமரம் தோப்பாகாது
(அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகியும் எங்களுக்காக உட்கார்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் உட்கார்ந்திருக்கும் மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர் முறைக்கிறார். ஐயா, உங்களை மறக்கவில்லை, கடைசியில் தனியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். சென்னையில் நடந்த ஒரு பெண்கள் இரட்டையர் டென்னிஸ் போட்டி, இரட்டையர் ஆட்டத்தின் சூட்சுமம், மூன்றாவதாக அதில் கிடைக்கிற பரிசுப் பணம். தனிமரம் தோப்பாகாது என்பார்கள். போகிற மேடையிலெல்லாம் இதையே சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் சென்னை ஓப்பன் நடந்தது. பல வருஷம் ஆண்கள் ஆடிய அந்த அரங்கத்தில் அந்தத் தடவை பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் 250 தரத்தில் பெண்கள் போட்டி. ஒற்றையரில் செக் நாட்டின் லிண்டா ஃபுருவிர்டோவா ஜெயித்தார். வயது 17. கைதட்டலும் புகைப்படமும் அவருக்குப் போனது நியாயம்தான். ஆனால் என் மனசு இரட்டையர் கோப்பையை வாங்கியவர்களிடம்தான் இருக்கிறது. கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி.

இந்த ஸ்டெஃபானி கதையைக் கொஞ்சம் சாவகாசமாகச் சொல்கிறேன், தலைவர் மன்னிக்க வேண்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக். ஸ்டெஃபானிக்கும் அவருடைய நாட்டு ஜோடி லாரா பிகோசிக்கும் அங்கே இடமே இல்லை. கடைசி நேரத்தில்தான் கூப்பிட்டார்கள். போனார்கள், ஆடினார்கள், வெண்கலப் பதக்க ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். எதிரே ரஷ்யாவின் வெஸ்னினாவும் குடெர்மெடோவாவும். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக், அதாவது இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தைத் தொடுபவர் ஜெயிக்கிற குட்டி ஆட்டம். அதில் 5-9. இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கிருந்து தொடர்ந்து ஆறு புள்ளி! 11-9. டென்னிஸில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். (கைதட்டல்.)

இருங்கள், கதை முடியவில்லை. சில வாரம் கழித்து அமெரிக்க ஓப்பன். அப்போது டப்ரோவ்ஸ்கிதான் ஜோடி. அரையிறுதி, முதல் செட் டைபிரேக். ஸ்டெஃபானியின் முழங்கால் மடங்கியது, தசைநார் கிழிந்தது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சை ஆகி, ஒரு வருஷம் போட்டியே கிடையாது. டப்ரோவ்ஸ்கி என்ன செய்வார்? வேறு ஜோடியோடு ஆடினார், மாட்ரிட்டில் பட்டமும் வாங்கினார். அதோடு பழைய கூட்டாளியை மறந்திருக்கலாம். மறக்கவில்லை. ஸ்டெஃபானி திரும்பி வந்த முதல் போட்டி எது தெரியுமா? நம்ம நுங்கம்பாக்கம்! பக்கத்தில் நின்றவர் அதே டப்ரோவ்ஸ்கி. இறுதி ஆட்டத்தில் பிளிங்கோவா, ஸலாமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று முடித்துவிட்டார்கள். தனிமரம் தோப்பாகாது என்று நான் சொன்னால் சிரிக்கிறீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சரி, சூட்சுமத்துக்கு வருகிறேன். இரட்டையரில் இரண்டு பக்கமும் நாலரை அடி கூடுதல் இடம். ஒருவர் சர்வீஸ் போடும்போது மற்றவர் வலையருகே முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டுவார், எந்தப் பக்கம் பாயப்போகிறேன் என்று. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே பந்தால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியம் பேசுவார்கள். தனியாக ஆடும்போது உங்கள் கோபத்தை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். இங்கே ஜோடி தப்புப் பண்ணினாலும் போய்க் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க ஜோடி நவ்ரதிலோவாவும் பாம் ஷ்ரைவரும் தொடர்ந்து 109 ஆட்டம் தோற்காமல் இருந்தது அப்படித்தான். நம் சானியா மிர்சா 2015 விம்பிள்டன் இரட்டையர் இறுதியில் ஸ்விட்சர்லாந்தின் ஹிங்கிஸோடு ஜோடி சேர்ந்து, கடைசி செட்டில் 2-5 என்று பின்தங்கி, 7-5 என்று ஜெயித்ததும் அப்படித்தான்.

இதையெல்லாம் கேட்கிற பிள்ளைகள் எங்கே போய் ஆடுவார்கள்? அதுதான் என் கவலை. எந்தக் கூட்டத்துக்கு அழைத்தாலும் நான் இங்கேதான் வந்து நிற்பேன், அழைத்தவர்களுக்கும் தெரியும். கோவையிலிருந்து போன நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் ஜெயித்தார். கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளின் ஒற்றையர் பிரதானச் சுற்றில் அதற்கு முன் நவீன காலத்தில் எந்த இந்தியப் பெண்ணும் ஜெயித்ததில்லை. திறமை நம் ஊரில் இல்லாமலில்லை, நேரம்தான் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியட் கணக்கு டீச்சருக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கால அட்டவணையில் மட்டும்தான் அது இருக்கிறது. பையன்களாவது சாயங்காலம் தெருவில் ஓடி விளையாடிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த நாற்பத்தைந்து நிமிஷம்தான் மைதானம். அதையும் பிடுங்கினால் எப்படி? கணக்கு டீச்சர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் அதற்கு விலை விளையாட்டு நேரமா? பின்பக்கச் சுவரில் வலை உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்திப் பந்தடிக்க விடுங்கள். தொடங்க அது போதும். தனிமரம் தோப்பாகாது, இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். பரிசுப் பண விஷயத்தை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம். பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு மனு எழுதி, வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் போகும்போது கையெழுத்துப் போடுங்கள். கல்வி அலுவலர் அவர்கள் இங்கேயே இருப்பதால், இன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடலாம். பேனா பொருளாளரிடம் இருக்கிறது.