பிளாக் செய்துவிட்டீர்கள், சரி. புகார் கொடுத்தீர்களா?

வணக்கம். இன்றைய வீடியோ நம் எல்லோருடைய போனிலும் நேரங்காலம் இல்லாமல் வந்து உயிரை எடுக்கும் அழைப்புகளைப் பற்றியது. கடன் வேண்டுமா என்பார் ஒருவர், மனை வாங்குங்கள் என்பார் இன்னொருவர், ‘உங்கள் மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது’ என்று மிரட்டுவார் மூன்றாமவர். நாமும் நாலு வார்த்தை திட்டிவிட்டு, அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பிளாக் செய்தால் நிம்மதி உங்களுக்கு மட்டும்தான். அதே எண்ணிலிருந்து அடுத்த அழைப்பு யாரோ ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியருக்குப் போய்க்கொண்டிருக்கும். அவர் பயந்துவிட்டால் சேமிப்பு முழுவதும் போய்விடும்.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்; முன்பு அந்த விதிகளே அப்படித்தான் இருந்தன. ஒரு எண்ணின் மேல் ஏழு நாளில் பத்துப் புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் இதை மாற்றியது. இப்போது பத்து நாளில் ஐந்து புகார்கள் போதும். நடவடிக்கை எடுக்க தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இருந்த 30 நாள் கெடுவும் 5 நாளாகச் சுருங்கிவிட்டது. முதல் முறை சிக்கினால் 15 நாள்களுக்கு வெளியே அழைக்க முடியாது. மறுபடியும் சிக்கினால் இணைப்பே ஓராண்டுக்குத் துண்டிப்பு. அந்த ஐந்தில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு பேசுகிறேன்.

விளம்பரத் தொல்லை என்றால் 1909. அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், டிராயின் டிஎன்டி (விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்துவைக்கும் ‘தொந்தரவு செய்யாதீர்’ ஏற்பாடு) செயலியிலும் பதியலாம். அழைத்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி, இவ்வளவுதான் கேட்பார்கள். அழைப்பு வந்து ஏழு நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘நான் டிஎன்டியில் பதியவில்லையே’ என்று தயங்க வேண்டாம், பதியாதவர்களும் புகார் கொடுக்கலாம்.

ஆளை ஏமாற்ற வந்த அழைப்பு என்றால் இடம் வேறு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி, 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. சஞ்சார் சாத்திக்குச் செயலியும் உண்டு. 2025 இறுதியில் அதைப் புதிய போன்களில் எல்லாம் கட்டாயம் ஏற்றச் சொல்லி ஓர் உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. கட்டாயப்படுத்தியது தவறு என்பதே என் எண்ணமும். அதற்காகப் புகார்ப் பகுதியைப் புறக்கணிக்காதீர்கள். செயலி வேண்டாம் என்றால் இணையதளத்திலேயே பதியலாம்.

இப்போது திரையைப் பாருங்கள். எந்த வழியாக வந்தது, எந்த வகை மோசடி, தேதி, நேரம் எல்லாம் தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்து விவரம் எழுதும் பெட்டி. இங்கேதான் பெரும்பாலோர் ‘ஃபிராடு கால்’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அதில் என்ன புரியும்? நான் எழுதியதை வாசிக்கிறேன்: ‘முதலில் பதிவு செய்யப்பட்ட பெண் குரல். இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்தவும் என்றது. அழுத்தியதும் ஓர் ஆண் பேசினார். உங்கள் ஆதாரில் வாங்கிய இன்னொரு சிம் குற்றத்தில் சிக்கியிருக்கிறது, காவல்துறைக்கு இணைக்கிறேன், வீடியோ அழைப்புக்கு வாருங்கள் என்றார்.’ இப்படி எழுதினால் அவர்கள் கையாளும் முறையே பதிவாகிவிடுகிறது. எண்ணை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடுவார்கள், வசனத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்றுவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிராய் யாரையும் அழைத்து இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. வீடியோவில் உட்காரவைத்து யாரையும் கைது செய்ய முடியாது.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். கோபத்தில் கண்ட எண்ணையெல்லாம் புகாரில் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று மூன்று முறை அழைத்த டெலிவரி ஊழியரை ‘ஸ்பேம்’ என்று குறித்துவைத்தால், அடுத்த வீட்டில் அவர் அழைப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். அவர் பிழைப்பு அந்த போனில்தான் இருக்கிறது. தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்ட பெரியவரையும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, திரையில் தெரியும் எண் உண்மையான எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டே +91 என்று காட்ட முடியும். இத்தகைய அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அது இருந்தும் எச்சரிக்கை வேண்டும். அதனால் அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்து வசை பாடாதீர்கள். எதிர்முனையில் எடுப்பவர் ஒன்றும் அறியாதவராக இருக்கலாம்.

எது நிஜ வங்கி அழைப்பு என்று எப்படிக் கண்டுகொள்வது? வங்கிகள் கணக்கு தொடர்பாக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களும், விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘வங்கி மேலாளர் பேசுகிறேன்’ என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எந்த எண்ணில் வந்தாலும் ஓடிபி கேட்டால் அங்கேயே பேச்சு முடிந்தது.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் சக்ஷுவில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்காதீர்கள். அது பணம் இழந்தவர்களுக்கான இடம் இல்லை. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் வங்கியால் முடக்கி வைக்க முடியும். பரிமாற்ற எண், நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று வெட்கப்பட்டு ஒரு ராத்திரியைக் கடத்தினால், காலையில் முடக்குவதற்கு அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்காது.