டேப் நின்ற இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களுக்கு மிகவும் பிடித்த திரைப்படம் எது என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நாம் எல்லாருமே சற்றுத் தயங்குகிறோம். படத்தின் பெயர் நினைவுக்கு வராததால் வரும் தயக்கம் அன்று அது. கேட்பவர் யார், நாம் சொல்லும் பெயரை வைத்து அவர் நம்மை எப்படி எடைபோடுவார் என்று மனம் உள்ளுக்குள் கணக்குப் பார்க்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்லும் படம் ஒன்று, நண்பர்களோடு தேநீர்க் கடையில் சொல்லும் படம் வேறொன்று. ஆகவே, பிடித்த படத்தைக் கொண்டு ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்பதற்கு முன், எந்தப் படம் என்று கேட்டாக வேண்டும்: வாய் சொல்லும் படமா, கை எடுக்கும் படமா?

நான் உளவியல் படித்தவன் அல்லன். 1988 முதல் 2004 வரை மயிலாடுதுறையில் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவன். பதினாறு ஆண்டுகள், மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, யார் எந்தப் படத்தை எடுத்துப் போகிறார்கள் என்பதைப் பேரேட்டில் எழுதுவதே என் தொழில். அந்தத் தகுதி ஒன்றை வைத்துக்கொண்டுதான் இந்த ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைய பிள்ளைகள் வீடியோ கேசட்டைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள் என்பதால் அதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தடித்த புத்தகம் போன்ற கறுப்புப் பெட்டி. அதன் மேற்புறத்தில் கண்ணாடி போன்ற இரண்டு சிறு சன்னல்கள். அவற்றின் வழியே உள்ளே இருக்கும் இரண்டு டேப் சுருள்களும் தெரியும். படம் தொடங்கும்போது டேப் முழுவதும் இடப்பக்கச் சுருளில் இருக்கும். ஓட ஓட வலப்பக்கம் போய்ச் சேரும். பார்த்து முடித்ததும் டேப்பைத் தொடக்கத்துக்கே திருப்பிச் சுற்றித் தர வேண்டும் என்று கடையில் பலகையே எழுதி வைத்திருந்தேன், ஆனால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சுற்ற மாட்டார்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அதில் ஓர் உபகாரம் இருப்பதைக் கண்டுகொண்டேன். திரும்பி வந்த கேசட்டின் சன்னலைப் பார்த்தாலே, எடுத்துப் போனவர் படத்தை எதுவரை பார்த்தார் என்று தெரிந்துவிடும்.

வங்கி அதிகாரி ஒருவர் சனிக்கிழமைதோறும் இரண்டு கேசட்டுகள் எடுப்பார். ஒன்று விருது பெற்ற படம். அதைப் பற்றிக் கடையில் நின்று கால் மணி நேரம் பேசுவார். மற்றொன்று நகைச்சுவைப் படம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்வார். திங்கட்கிழமை இரண்டும் திரும்பி வரும்போது, நகைச்சுவைப் படத்தின் டேப் முழுவதும் வலப்பக்கம் வந்து சேர்ந்திருக்கும். விருதுப் படத்தின் இடப்பக்கச் சுருளோ பருத்தது பருத்தபடியே இருக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் அவர் எந்தக் கலைப் படத்தையும் பார்த்ததில்லை. ஆயினும் அவர் பொய்யர் அல்லர். அந்தப் படங்களைப் பார்க்கும் மனிதராக இருக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார். வாரந்தோறும் பத்து ரூபாய் கொடுத்து அந்த விருப்பத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், தொடாமல் கொண்டுவந்து தந்தார்.

இதையே ஆய்வாளர்கள் எண்களோடு காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தபாலில் டிவிடி அனுப்பும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் கணக்குகளை வைத்து கேத்தரின் மில்க்மேனும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. பார்க்க வேண்டும் என்று மனிதர்கள் நினைக்கும் கனமான படங்கள் வீட்டில் அதிக நாள் கிடக்கின்றன, பார்க்க ஆசைப்படும் இலேசான படங்கள் விரைவில் திரும்பி வருகின்றன என்று அது காட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1999இல், வேறு மூவர் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள்: இன்றிரவு பார்ப்பதற்கு என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் பொழுதுபோக்குப் படத்தையும், சில நாள் கழித்துப் பார்ப்பதற்கு என்றால் உயர்ந்த படத்தையும் மனிதர்கள் எடுக்கிறார்கள். நாளைய நாம் எப்போதும் இன்றைய நம்மைவிட மேலானவர்.

வாய் சொல்லும் படத்துக்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ திரையரங்குகளில் ஓடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இன்று அதைத் தம் வாழ்நாளின் விருப்பப் படம் என்று சொல்பவர்கள் அத்தனை பேரும் அந்தப் பொங்கலுக்குச் சீட்டு வாங்கியிருந்தால் படம் வெள்ளிவிழாக் கண்டிருக்கும். எனக்கும் பிடித்த படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சில படங்களின் பெயர்கள் காலப்போக்கில் நம் சட்டைப் பையில் வைத்திருக்கும் முகவரி அட்டைபோல ஆகிவிடுகின்றன.

பிடித்த படத்தைச் சொல்லுங்கள், உங்கள் குணத்தைச் சொல்கிறோம் என்று வார இதழ்களில் வரும் தேர்வுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இலேயே அவற்றின் குட்டை உடைத்துவிட்டார். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தி, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் உரிய குணச்சித்திரம் என்று ஒரு தாளைக் கொடுத்து, இது உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரி 4.26 கிடைத்தது. எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு என்றால் இல்லை என்று சொல்வார் யார்?

அதற்காக ருசிக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ரென்ட்ஃப்ரோ, கோல்ட்பர்க், ஜில்கா என்ற மூவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், படம், இசை, புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து மனிதர்களின் பொழுதுபோக்கு ருசியை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: உறவுகளைப் பேசுவது, அழகை நாடுவது, இருண்டது, பரபரப்பானது, அறிவுக்கு வேலை கொடுப்பது. புதியவற்றுக்கு மனம் திறந்தவர்கள் அழகை நாடுவதன் பக்கமும், பிறரோடு இணங்கிப் போகிறவர்கள் உறவுக் கதைகளின் பக்கமும் சாய்வதைக் கண்டார்கள். ஆனால் இது பெரிய கூட்டத்தைப் பார்க்கும்போது தெரியும் சாய்வு. பட்டமங்கலத் தெருவிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வரும் தனி மனிதர் ஒருவரிடம் இதைப் பொருத்திப் பார்த்தால் நம் கணக்கு அடிக்கடி தப்பிப் போகும்.

எனக்குத் தப்பியது. ‘பாட்ஷா’ வெளிவந்த 1995இல், ஆட்டோ ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் மகிழ்வார் என்று கேசட் வந்த அன்றே எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. “காலையிலேர்ந்து ஆட்டோவுலதாண்ணே கெடக்கேன், வூட்டுக்குப் போயும் ஆட்டோவா?” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யைக் கேட்டு வாங்கிப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது ஆழியாறு அணையின் காற்றும், கடன் இல்லாத மனிதர்களும், நாகேஷ் கதை சொல்லப் பாலையா நடுங்குவதும்தான்.

இன்னொருவர் அலுவலக எழுத்தர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சில்லறை குறைவாகக் கொடுத்தாலும் எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவர் எடுப்பது ‘எங்க வீட்டுப் பிள்ளை’. அந்த நாட்களில் அந்தக் கேசட்டை வேறு யாரும் அதிகம் எடுத்ததில்லை. ஒரு நாள் டேப் சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தபோது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் திரை முழுவதும் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிறுத்தினால், கேசட்டை ஓட்டும் கருவியான டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட் அங்கேயே உராய்ந்து டேப்பின் பூச்சு தேய்ந்துபோகும். கோடு விழுந்த இடம் எது என்று சொல்ல வேண்டுமா? இரட்டையரில் பயந்து நடுங்குபவர் இருந்த வீட்டுக்குள் அஞ்சாதவர் வந்து, நம்பியாரின் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கும் இடம்.

ஆக, ஒருவர் தம்மைப் போன்ற படத்தை விரும்புகிறாரா, தமக்கு இல்லாததைத் தரும் படத்தை விரும்புகிறாரா என்பது படத்தின் பெயரிலிருந்து தெரியாது. சாட்டைக் காட்சியை எழுத்தரும் விரும்புவார், எழுத்தரை மிரட்டும் மேலதிகாரியும் விரும்புவார். எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்ன தொல்காப்பியம் பெருமிதத்தையும், சினம் என்ற பொருளில் வெகுளியையும் தனித்தனியே வைத்தது. திரையின் முன் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்குள் எழுவது முன்னது, மற்றவருக்குள் எழுவது பின்னது. படம் ஒன்றுதான்.

பேரேட்டையும் அப்படியே நம்பக் கூடாது. கணக்கு வீட்டுத் தலைவரின் பெயரில் இருக்கும், வருவது பையன், அவன் கையில் இருக்கும் துண்டுச் சீட்டில் அம்மா கேட்ட படம், பாட்டி கேட்ட படம். இப்படி ஒரு பட்டியல் உலகப் புகழ் பெற்றதும் உண்டு. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட் போர்க் என்பவரை அதிபர் ரீகன் முன்மொழிந்தபோது, வாஷிங்டன் நகர வார இதழ் ஒன்று அவருடைய குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 வீடியோ படங்களின் பட்டியலைக் கடையிலிருந்து பெற்று வெளியிட்டுவிட்டது. ஏதாவது வில்லங்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஹிட்ச்காக் படங்கள், பழைய நகைச்சுவைப் படங்கள் என்று எல்லாம் சாதுவானவை. போர்க்கைச் செனட் நிராகரித்தது வேறு காரணங்களுக்காக. ஆனால் அடுத்த ஆண்டே, வீடியோ வாடகைப் பட்டியலை வெளியில் சொல்லக் கூடாது என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. தத்தம் பேரேட்டில் என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்திருப்பார்கள் போலும்.

அந்தப் பயம் வீணானது அன்று என்பதைக் கணினிக் காலம் காட்டியது. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2006இல், பார்வையாளருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று இன்னும் நன்றாகக் கணிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்து, சுமார் 4,80,000 பேர் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. அரவிந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிக்கோவும் அதை ஆராய்ந்து, ஒருவர் மதிப்பெண் இட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும், அவற்றில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதி இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், அந்த எட்டைக் கொண்டு நூற்றுக்கு 99 பேரின் பதிவைத் தனியே அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். என் கடை அனுபவத்தோடு மிகவும் ஒத்துப்போனது இதிலிருந்த இன்னொரு செய்தி: எல்லாரும் பார்த்த வெற்றிப் படங்கள் ஆளைக் காட்டிக் கொடுப்பதில்லை, அதிகம் பேர் பார்க்காத படங்கள்தான் காட்டிக் கொடுக்கின்றன. ‘நாயகன்’ பிடிக்கும் என்று சொன்னவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. அவருடைய பட்டியலில் பத்தாவதாக, யாரும் கேட்காத ஒரு படம் இருந்தால் அங்கேதான் நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

படத்தைவிட, படத்தை நிறுத்திய இடம் இன்னும் அதிகம் பேசும். நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் ‘முள்ளும் மலரும்’ படத்தை மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் டேப் முடிவுக்குச் சற்று முன்னால் நின்ற நிலையிலேயே திரும்பி வந்தது. தங்கை அண்ணனை விட்டுப் போகத் துணிந்து, பாதி வழியில் திரும்பி ஓடி வரும் கடைசிக் கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. மின்சாரம் போயிருக்கும் என்று முதல் தடவை நினைத்தேன். மூன்று தடவையும் அதே இடத்தில் மின்சாரம் போகாது. அவருடைய தங்கை தம் விருப்பப்படி மணம் செய்துகொண்டு திருச்சியில் இருந்தார் என்பதும், ஆறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் பிறகு காதில் விழுந்தன. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரன் கேட்கக் கூடியது, கேசட்டை ஏன் சுற்றித் தரவில்லை என்பது மட்டும்தான், அதையும் கேட்கவில்லை.

2004இல் கடையை மூடியபோது கேசட்டுகளை எடைக்குப் போட்டேன். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று ‘உதிரிப்பூக்கள்’, எனக்குப் பிடித்த படம் எது என்று யார் கேட்டாலும் நாற்பது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பதில் அது. மற்றொன்று ‘காசேதான் கடவுளடா’. இந்த உரைக்காகப் போன வாரம் பரணிலிருந்து இரண்டையும் இறக்கித் துடைத்தேன். ஓட்டிப் பார்க்க இப்போது டெக் இல்லை. ‘உதிரிப்பூக்கள்’ கேசட்டில் டேப் முழுவதும் இடப்பக்கம் இருக்கிறது. ‘காசேதான் கடவுளடா’ நடுவில் நிற்கிறது. சுருளின் அளவைப் பார்த்தால், தேங்காய் சீனிவாசன் சாமியாராக வந்து உட்கார்ந்திருக்கும் இடமாக இருக்க வேண்டும்.

வணக்கம்.