முகாம் நடத்தியும் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் ஏன் கட்டுப்படவில்லை?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதனை முகாம் நடத்துகிறோம். ஆனாலும் பக்கவாதமும் சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தபாடில்லை. எங்கே தவறுகிறோம்?”

முகாமைக் குறை சொல்ல மாட்டேன். முகாம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வரிசையில் நின்று களைத்து வந்தவரின் கையில் உடனே ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி அளந்து, வேறொரு நாளிலும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அதை உயர் ரத்த அழுத்தம் என்று உறுதிசெய்ய இயலும். அந்த இரண்டாவது நாளுக்குப் பலர் வருவதே இல்லை.

உறுதியான பிறகும் இதே கதைதான். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அளவு சரியாகிவிடுகிறது. நோய் போய்விட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதில் பயனில்லை, ஏனெனில் உடலில் எந்தத் தொந்தரவும் தெரியாதபோது ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடச் சொல்லும் நாம்தான் அதன் காரணத்தைப் பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும். மருந்து தொடங்கியபின் அளவு இலக்கை எட்டும்வரை மாதந்தோறும், எட்டியபின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இதற்கெல்லாம் மருத்துவரே வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர், எழுதி வைத்த சிகிச்சை முறையின்படி, மருத்துவரின் மேற்பார்வையில் பெரும்பகுதியைச் செய்ய முடியும்.

சர்க்கரை நோயாளியிடம் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது இன்னொரு பிழை. 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. ஒரே வருகையில் இரண்டையும் அளந்து, பாதங்களையும் பார்த்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது பெரிய செலவும் அன்று.

எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கு அறிக்கைக்கு அழகாக இருக்கும். பதிவேட்டில் பெயருள்ளவர்களில் எத்தனை பேருக்கு அளவு கட்டுக்குள் வந்தது என்று எண்ணுங்கள். வராமல் போனவர்களைக் கட்டுப்படாதவர்களாகவே கொள்ளுங்கள். மருந்து இருப்பு தீர்ந்து, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய நாட்களையும் அதே பதிவேட்டில் குறியுங்கள். ஆட்கள் போதவில்லையென்றால், இரண்டு முகாம்களில் ஒன்றைக் கைவிட்டு, அதே பணியாளர்களை வராதவர்களின் வீடுகளுக்கு அனுப்பலாம்.