சாபக் கணக்கும் ரப்பர் கணக்கும்: காங்கோவில் திருச்சபை எங்கே நின்றது?

சபையாருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் வறுமைக்கு நம் மேடைகளில் மூன்று விளக்கங்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. காமின் சந்ததிக்கு வந்த சாபம் என்பது முதலாவது. அந்த ஜனங்களுக்கு விசுவாசம் போதவில்லை, காணிக்கையை விதைத்தால் ஆசீர்வாதத்தை அறுப்பார்கள் என்பது இரண்டாவது. இது இன்றைக்கு காங்கோவின் தலைநகரமான கின்ஷாசாவிலேயே பெரிய அரங்குகளில் பிரசங்கிக்கப்படுகிறது. மிஷனெரிமார் எல்லோருமே காலனி ஆட்சியின் கையாட்கள், பைபிளைக் கொடுத்து நிலத்தைப் பறித்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. எந்தக் கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இன்று காங்கோ என்ற ஒரே ஒரு நாட்டின் கணக்கைத் திறந்து பார்ப்போம். 54 நாடுகளையும் ஒரே மூச்சில் பேசினால் எதையும் பேசியதாகாது.

சாபத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா சபிப்பது காமை இல்லை. காமின் குமாரனாகிய கானானை. அடுத்த அதிகாரத்தில் கானானியரின் எல்லை சீதோனிலிருந்து காசா வரை என்று எழுதியிருக்கிறது. ஆப்பிரிக்காவோடு சேர்த்துச் சொல்லப்படும் கூஷும் மிஸ்ராயீமும் காமின் மற்றப் பிள்ளைகள்; அவர்கள்மேல் ஒரு சாபச் சொல்கூட இல்லை. வேதத்தில் இல்லாத இந்தச் சாபத்தை அட்லாண்டிக் அடிமை வியாபாரத்துக்கு நியாயம் தேடியவர்கள்தான் ஊர் ஊராகப் பரப்பினார்கள்.

விசுவாசக் குறைவா? 1491ல், காங்கோ ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் இருந்த பழைய கொங்கோ இராச்சியத்தின் அரசர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார். அவருடைய மகன் முதலாம் அஃபோன்சோ கோவில் கட்டினார், பள்ளிக்கூடம் வைத்தார், தன் மகனையே ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்து ஆயராக்கினார். 1526ல் அவர் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. வியாபாரிகள் நாள்தோறும் எங்கள் ஜனங்களை, பிரபுக்களின் பிள்ளைகளைக்கூட, பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்குக் குருக்களும் ஆசிரியர்களும் போதும், சரக்கு வேண்டாம் என்பதே அவற்றின் சாரம். ஒரு கிறிஸ்தவ அரசர் இன்னொரு கிறிஸ்தவ அரசரிடம் முறையிடுகிறார். வியாபாரம் நிற்கவில்லை. அடிமையாக்குவதற்கு அனுமதி கொடுத்த போப்பாண்டவரின் ஆணைகள் 1452லும் 1455லும் போர்ச்சுகலுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தன. அந்த ஆணைகளிலிருந்து கிளைத்த, கண்டுபிடித்த நிலம் கண்டுபிடித்த கிறிஸ்தவ அரசருக்கே சொந்தம் என்ற கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது 2023 மார்ச்சில்.

மூன்றாவது விளக்கத்துக்குத்தான் அதிக நேரம் வேண்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது.

1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை பெர்லினில் கூடிய மாநாட்டின் ஒப்பந்தம் சர்வவல்லமையுள்ள தேவனின் நாமத்தில் என்றே தொடங்குகிறது. அதன் ஆறாவது பிரிவு மிஷனெரிமாருக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. அங்கே ஓர் ஆப்பிரிக்கர்கூட உட்காரவில்லை. அந்த ஆண்டே காங்கோ, பெல்ஜியம் என்ற நாட்டுக்கு இல்லாமல், அதன் அரசர் இரண்டாம் லியோபோல்டு என்ற தனிமனிதரின் சொத்தாயிற்று. ஆளில்லாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று முதல் ஆணை. குடியிருப்பும் பயிரும் தவிர மீதிக் காடு முழுக்க 'ஆளில்லாத நிலம்' ஆகிவிட்டது. வேட்டையாடும் காடு, கிழங்கு தோண்டும் காடு, அடுத்த போகத்துக்காகத் தரிசாக விட்ட நிலம் எல்லாம் ஒரே கையெழுத்தில் போயிற்று.

1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. ஆசியாவில் நட்ட ரப்பர் மரங்கள் பால் கொடுக்கும்வரை காட்டு ரப்பர்தான் கதி. காங்கோவில் அது மரத்திலிருந்து வரவில்லை. உயர்ந்த மரங்களைச் சுற்றிப் படரும் கொடியிலிருந்து வந்தது. கொடியைக் கீறிப் பாலை வடியவிட்டால் கொடி பிழைக்கும், ஆனால் பால் மெதுவாக வரும். கெடு நெருங்கும்போது கொடியையே வெட்டிப் பிழிவார்கள், கொடி செத்துவிடும். ஆகவே மாதத்துக்கு மாதம் இன்னும் தூரம் நடக்க வேண்டும். வடித்த பாலைக் கை, மார்பு, தொடையில் பூசி உலரவிடுவார்கள். பிறகு ரோமத்தோடு சேர்த்து உரித்து எடுப்பார்கள். ரப்பர் எடுக்கும் உரிமை பெற்ற ஆபிர் கம்பெனியின் பகுதியில் வயதுவந்த ஆணுக்குப் பதினைந்து நாளைக்கு மூன்று நான்கு கிலோ உலர்ந்த ரப்பர் என்பது அளவு. 1903ல் மாதம் 40 மணி நேர வேலை போதும் என்று சட்டம் போட்டார்கள். மூன்று நான்கு கிலோவை 40 மணி நேரத்தில் சேர்க்கவே முடியாது. சட்டம் தாளில் இருந்தது, தராசு கம்பெனி ஏஜென்டின் கையில் இருந்தது. ரப்பருக்கு ஏற்ப அவருக்குக் கமிஷன்.

அளவு குறைந்தால் மனைவியைப் பிடித்துக் கொட்டடியில் அடைப்பார்கள். ரப்பர் வந்தால் விடுதலை. ஆண் காட்டில், பெண் கொட்டடியில் என்றால் மரவள்ளித் தோட்டத்தைக் கொத்துவது யார்? பஞ்சம் அங்கே மழை பொய்த்து வரவில்லை. எதிர்த்த ஊருக்குச் சிப்பாய்களை அனுப்புவார்கள். தோட்டா வேட்டையில் வீணாகவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, சுட்ட ஒவ்வொருவரின் வலது கையையும் வெட்டிக் கொண்டுவர வேண்டும். அதிகாரி இருக்கும் இடம் பல நாள் நடை என்றால் கைகளைப் புகை போட்டு வைப்பார்கள். தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்த சிப்பாய் உயிரோடு இருப்பவரின் கையை வெட்டிக் கணக்கைச் சரிக்கட்டிய வழக்குகளும் பதிவாகியிருக்கின்றன. கொலை, பஞ்சம், தூக்க நோய், பிறப்புக் குறைவு எல்லாம் சேர்ந்து மக்கள்தொகை பாதியாகியிருக்கும் என்று 1919ல் பெல்ஜிய அரசின் குழு ஒன்றே கணித்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்த வெளியாட்கள் மிஷனெரிமார். அவர்கள் என்ன செய்தார்கள்?

நீக்ரோ அமெரிக்கர் என்று அன்று அழைக்கப்பட்ட வில்லியம் ஷெப்பர்டு பிரெஸ்பிடேரியன் ஊழியர்; 1890ல் காங்கோவுக்கு வந்தவர். 1899ல் கசாய் பகுதியில் வரி வசூலுக்கு ஏவிவிடப்பட்ட படையின் முகாமுக்குப் போனபோது நெருப்பின்மேல் புகையூட்டப்பட்டுக்கொண்டிருந்த வலது கைகளை எண்ணினார்: 81. எண்ணியதை எழுதினார். 1908ல் மிஷன் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைக்காக கசாய் கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு விசாரணை. பெல்ஜியத்தின் சோஷலிஸ்டுத் தலைவர் எமில் வாண்டர்வெல்டே, கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கூலி வாங்காமல் வந்து வாதாடினார். ஷெப்பர்டு விடுதலையானார். சுவீடன் நாட்டு பாப்டிஸ்ட் ஊழியர் ஷோப்ளோம் அதற்கும் முன்பே, 1890களில், எழுதிச் சிறை மிரட்டல் வாங்கினார்.

பரிங்கா மிஷன் வீட்டுக்கு 1904 மே மாதம் வாலா ஊரைச் சேர்ந்த ன்சாலா இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். ரப்பர் காவலாட்கள் கொன்ற அவருடைய சிறுமகள் போவாலியின் ஒரு கையும் ஒரு பாதமும் அதில் இருந்தன. அங்கே இருந்த ஆங்கிலேய மிஷனெரி அலிஸ் ஹாரிஸ் அவரைத் தாழ்வாரத்தின் விளிம்பில் உட்காரவைத்து, அந்த இரண்டும் அவர் முன்னால் தரையில் இருக்க, படம் எடுத்தார். இங்கிலாந்தில் அந்தப் படம் போன வழியைக் கவனியுங்கள். 60 கண்ணாடிப் படங்கள் கொண்ட ஒரு தொகுதி, கூடவே வாசிக்க எழுதிய உரை. படம் காட்டும் விளக்கு இருந்தால் எந்தச் சிற்றூர்ச் சபையும் கூட்டம் நடத்தலாம். பாட்டு, ஜெபம், படங்கள், கடைசியில் வெளியுறவு அமைச்சருக்கு ஒரு தீர்மானம். அலிசும் கணவர் ஜானும் நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசினார்கள். மோரெல் என்ற கப்பல் கம்பெனி குமாஸ்தா, ரப்பரும் தந்தமும் ஏற்றி வரும் கப்பல்கள் துப்பாக்கியும் தோட்டாவுமாகத் திரும்புவதை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கண்டு, இது வியாபாரமே இல்லை என்று முடிவுகட்டியவர். அவருடைய கணக்கும் ஹாரிஸ் தம்பதியின் படங்களும் சேர்ந்தபிறகுதான் லியோபோல்டு தடுமாறினார். 1908 நவம்பரில் காங்கோ அவர் கையைவிட்டுப் பெல்ஜிய அரசிடம் போயிற்று.

இவர்கள் சிலர். மற்றவர்கள்? ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கம் 1903ல் லியோபோல்டுக்கு நன்றி சொல்லத் தூதுக்குழுவே அனுப்பியது; மிஷன்மேல் இருந்த வரியைக் குறைத்தாராம். அச்சங்கத்தின் ஜார்ஜ் கிரென்ஃபெல் சிறந்த ஊழியர், காங்கோவின் கிளையாறுகளை வரைபடமாக்கியவர். அவரே பல ஆண்டுகள் அரசுக்காகப் பேசினார், கடைசிக் காலத்தில்தான் மனம் கசந்தார். காரணம் கோழைத்தனம் என்று ஒரு வார்த்தையில் முடிப்பது சுலபம். புதிய நிலையத்துக்கு நிலம், ஆற்றில் படகு ஓட்டும் உரிமம், விறகு வெட்ட அனுமதி, சுங்கவரி எல்லாம் அரசின் கையில். பேசினால் புதிய நிலையம் கிடைக்காது. புதிய நிலையம் இல்லையென்றால் ஊழியம் வளரவில்லை என்று தாய்ச் சபையில் பணம் நின்றுவிடும். யார் வாய் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பதை அவரவர் பக்தியைவிட இந்த உரிமங்களே அதிகம் தீர்மானித்தன என்பது என் கருத்து. நம் ஊர்ச் சபைகளின் நிலப் பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும்.

கத்தோலிக்கத் தரப்பில் பெரும்பாலோர் பெல்ஜியர்கள். அந்நிய புராட்டஸ்டண்டுகள் நம் அரசர்மேல் பழி போடுகிறார்கள் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். இயேசு சபையின் வெர்மேர்ஷ் 1906ல் வெளிப்படையாகக் கண்டித்து எழுதியது அபூர்வமான விலக்கு. அதே 1906 மே மாதம் வத்திக்கானும் காங்கோ அரசும் உடன்படிக்கை செய்தன: ஒவ்வொரு நிலையத்துக்கும் 100 முதல் 200 ஹெக்டேர் நிலம், நிரந்தரமாக, இலவசமாக. பதிலுக்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், பாடத்திட்டத்தில் அரசுக்குப் பங்கு. 'ஆளில்லாத நிலம்' என்று பறித்த காட்டிலிருந்துதான் அந்த ஹெக்டேர்களும் வந்தன.

பள்ளிகளால் எழுத்தறிவு வந்தது, மறுக்க வேண்டாம். ஆனால் தொடக்கப் பள்ளியோடு பாதை முடிந்தது. அதற்குமேல் படிக்க ஒரே வாசல் குருமடம். முதல் காங்கோலிய குரு ஸ்தெஃபானோ கவோசே 1917லேயே அபிஷேகம் பெற்றார். முதல் பல்கலைக்கழகமான லோவானியம் 1954ல்தான் வந்தது. 1960 ஜூன் 30ல் சுதந்திரம் வந்தபோது நாட்டில் குருக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பட்டதாரிகள் இருபது பேர்கூட இல்லை. மருத்துவர், பொறியாளர், நீதிபதி என்று காங்கோலியர் எவரும் இல்லாமல் ஒரு நாட்டை ஒப்படைத்துவிட்டு, பிறகு 'இவர்களுக்கு ஆளத் தெரியவில்லை' என்றார்கள்.

காங்கோலியர்களே தங்கள் விசுவாசத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சும் வெள்ளைக்காரர் கதையாகவே முடியும். சீமோன் கிம்பாங்கு பாப்டிஸ்ட் மிஷனில் ஞானஸ்நானம் பெற்றவர். 1921 ஏப்ரலில் ன்கம்பா என்ற ஊரில் நோயாளிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். ஜனங்கள் தோட்ட வேலையை விட்டுவிட்டுத் திரண்டார்கள். அவர் போதித்தவை: தாயத்துகளை எரி, ஒரே மனைவியோடு வாழ், வரியைக் கட்டு. எந்த மிஷனெரியும் ஆமென் சொல்லக்கூடிய போதனைதான். ஆனால் அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒரு கறுப்பர் சபை கூட்டியதே குற்றமாயிற்று. ஐந்தே மாதத்தில் கைது, இராணுவ நீதிமன்றம், 120 கசையடி, மரண தண்டனை. அரசர் ஆல்பர்ட் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். ஏறக்குறைய ஐந்து மாத ஊழியத்துக்கு 30 வருடம் சிறை. 1951 அக்டோபரில் எலிசபெத்வில் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரிலான சபை 1969ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சேர்ந்தது.

இனி அண்மைக் கணக்கு. 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டுவுக்கு மேற்கு நாடுகள் கடனை அள்ளிக் கொடுத்தன. காங்கோ ஆற்றின் இங்கா அணையிலிருந்து தெற்கே தாமிரச் சுரங்கங்களுக்கு சுமார் 1,700 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்தார்கள். அதன் கீழே இருக்கும் ஊர்களுக்கு ஒரு விளக்குகூட இல்லை. பன்னாட்டு நிதியத்தின் சார்பில் மத்திய வங்கிக்குப் போன ஜெர்மன் அதிகாரி பிளூமென்டால், கொடுத்த பணம் திரும்பாது, கொள்ளை போகிறது என்று 1982ல் எழுதிவைத்தார். அதற்குப் பிறகும் கடன் கொடுத்தார்கள். தெரிந்தே கொடுத்த கடனுக்கு வட்டியைக் கட்டியது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்.

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் யூபிலி வருஷத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சபைகள் இறங்கியது இந்த இடத்தில்தான். 1998 மே மாதம் பர்மிங்காமில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நகரத்தை வளைத்து நின்றார்கள். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் தள்ளுபடித் திட்டம் விரிவாக்கப்பட்டது. காங்கோவின் முறை வருவதற்கு 2010 ஜூலை ஆயிற்று: சுமார் 1,230 கோடி டாலர் கடன் நிவாரணம்.

தள்ளுபடியிலும் ஓர் ஓட்டை இருந்தது. தனியார் கையில் இருந்த பத்திரங்களை இந்தத் திட்டம் கட்டுப்படுத்தவில்லை. மொபுட்டு காலத்தில் யூகோஸ்லாவியக் கம்பெனி ஒன்று மின்கம்பி போட்டதற்கான பாக்கியை ஓர் அமெரிக்க நிதியம் விலைக்கு வாங்கி, வட்டியோடு 10 கோடி டாலருக்குமேல் கேட்டு ஜெர்சி தீவில் வழக்குப் போட்டது. காங்கோவின் அரசுச் சுரங்கக் கம்பெனிக்கு அங்கே வரவேண்டிய பணத்தை முடக்கப் பார்த்தது. கம்பெனியின் சொத்து வேறு, அரசின் கடன் வேறு என்று 2012 ஜூலையில், ஜெர்சியின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்தது. ஏழை நாடுகளின் தள்ளுபடிக் கடனை இப்படி வசூலிப்பதற்கு வரம்பு கட்டி பிரிட்டன் 2010ல் போட்ட சட்டத்தை, ஜெர்சி அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் தன் தீவுக்கும் கொண்டுவந்தது.